நாலு சிப்பாய்களும் ஒரு அட்டவணையும்

போன வருடம் மாரி மழை தொடங்கின நேரம், இரவு பதினொன்றரைக்கு ஒரு நண்பன் போன் எடுத்தான். "மச்சான், நீ கணக்குப் படிச்சனிதானே. பிளக்ஜாக்கில எப்ப என்ன செய்யவேணும் எண்டு ஒரு சார்ட் இருக்காம். அதைப் பாத்து விளையாடினா வெல்லலாமோ?"

எத்தனை நாளாக விளையாடுகிறாய் என்று கேட்டேன். இரண்டு கிழமை என்றான். போனில்தான். முதல் நாள் இரவு ஒரே இருப்பில் அரை மாதச் சம்பளம் வந்ததாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. இரவு பதினொன்றரைக்கு ஒருவன் கணக்குப் படித்தவனைத் தேடுகிறான் என்றால் அது விளங்கிக்கொள்ளக்கூடிய விஷயம்தான்.

"பொறு, பாத்துச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். பார்க்கப் போனவன் ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். அந்தச் சார்ட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நான் நினைத்த இடத்தில், அதாவது லாஸ் வேகாஸின் வெளிச்சத்துக்குக் கீழே தொடங்கவில்லை. ஒரு இராணுவ முகாமின் படுக்கை மண்டபத்தில் தொடங்குகிறது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே கடதாசி விளையாட்டு முந்நூற்றுநாலு. (எங்கட பக்கம் காட்ஸைக் கடதாசி என்றுதான் சொல்வது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே விட்டுவிடுகிறேன்.) முந்நூற்றுநாலில் ஜாக்தான் பெரியவர், 30 புள்ளி. ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. ராசாவும் ராணியும் மூன்றும் இரண்டுமாக ஒதுங்கி நிற்பார்கள். பிளக்ஜாக்கில் ஜாக்கின் மரியாதை பெயரோடு சரி. ஜாக், ராணி, ராசா மூவருக்கும் பத்துக்குரிய அதே 10. ஏஸ் தேவைக்கேற்ப 1 ஆகவும் 11 ஆகவும் வேஷம் போடும். கூட்டாளி இல்லை, துரும்பு இல்லை. நீங்கள் ஒரு பக்கம், டீலர் மறுபக்கம். இருவருக்கும் இரண்டிரண்டு கடதாசி. டீலருடைய ஒன்று மட்டும் திறந்திருக்கும். 21-க்குக் கிட்டப் போகவேண்டும், தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த இடத்திலேயே தோல்வி. முதல் இரண்டு கடதாசியிலேயே ஏஸும் பத்தும் வந்தால் அதுதான் பிளக்ஜாக், கட்டின காசுக்கு ஒன்றரை மடங்கு.

விளையாட்டு பழையது. ஸ்பெயினின் செர்வான்டஸ் 1613-ல் வெளியிட்ட கதைத் தொகுதி ஒன்றில், சீட்டில் ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு பொடியங்கள் விளையாடுவது இதன் மூதாதையான 'இருபத்தொன்று'. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பிறகு அது கசினோ மேசைகளில் நிரந்தரமாக அமர்ந்துகொண்டது. இவ்வளவு காலத்திலும் விளையாடினவர்களிடம் இருந்தது அனுபவமும் ஆளுக்கொரு சாத்திரமும்தான். '16-ல் இழுக்காதே', 'டீலர் மாதிரியே ஆடு', 'பத்து இரண்டு வந்தால் பிரி'. எவரும் உட்கார்ந்து முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

1953. மேரிலண்ட் மாநிலத்தில் அபர்டீன் இராணுவப் பரிசோதனைத் தளம். ரொஜர் போல்ட்வின் என்ற சாதாரண சிப்பாய், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுமாணி முடித்தவர், இரவில் மற்றவர்களோடு கடதாசி விளையாடிக்கொண்டிருக்கிறார். பங்கு போடுகிறவர் எந்த விளையாட்டு என்று தீர்மானிக்கும் முறை. ஒருவர் பிளக்ஜாக் என்கிறார். அப்போது பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் வெளிவருகிறது: லாஸ் வேகாஸில் டீலர் தன் இஷ்டத்துக்கு ஆடமுடியாது, 16 வரை கட்டாயம் இழுக்கவேண்டும், 17-ல் கட்டாயம் நிற்கவேண்டும்.

மற்றவர்களுக்கு அது ஒரு விதி. போல்ட்வினுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. எதிரிக்குத் தெரிவே இல்லை என்றால் அவன் ஆளில்லை, இயந்திரம். இயந்திரம் என்றால் அது என்ன செய்யும் என்பதை முழுக்கக் கணக்கிடலாம். அதை முழுக்கக் கணக்கிட்டால் நான் என்ன செய்யவேண்டும் என்பதும் தானாக வந்துவிடும்.

அவர் வில்பேர்ட் கான்டி என்ற சார்ஜன்ட்டிடம் போனார். பிறகு ஹேர்பேர்ட் மைசலும் ஜேம்ஸ் மக்டேமொட்டும் சேர்ந்தார்கள். நாலு பேரும் கணிதம் படித்தவர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு, மேசைக் கணக்குப்பொறிகளில் எண் எண்ணாக அடித்து ஒன்றரை வருடம் கணக்குப் போட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, உலகின் முதல் பெரிய இலத்திரன் கணினிகளில் ஒன்றான எனியாக் 1947-லிருந்து 1955 வரை அதே அபர்டீனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுடைய கணக்கு நடந்ததோ கையால்.

எனியாக் எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். பீரங்கி அட்டவணைகளுக்காக. எந்தக் கோணத்தில், எந்தக் குண்டை, எந்தக் காற்றில் அடித்தால் எங்கே விழும் என்ற எண்கள். பீரங்கிக்காரன் களத்தில் நின்று யோசிக்கத் தேவையில்லை; அட்டவணையைப் பார்த்தால் போதும். ஷெல் குத்துகிற சத்தம் கேட்டு விழும்வரைக்கும் எண்ணிக்கொண்டு கிடந்த சனத்தின் பிள்ளையாக இதை வாசிக்கும்போது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் தொடரவேண்டியிருந்தது. அந்த எண்கள் எங்கேயோ ஒரு அலுவலகத்தில் யாரோ அமைதியாக இருந்து போட்ட கணக்கு. பிளக்ஜாக் அட்டவணையும் அதே முகாமில், அதே பழக்கத்திலிருந்து வந்தது என்பது என்னுடைய ஊகம்தான். ஆனால் வடிவம் ஒன்று: மேலே டீலரின் கடதாசி, பக்கத்தில் உன்னுடைய கூட்டுத்தொகை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு கட்டளை. யோசிக்காதே, செய்.

1956 செப்டம்பரில் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கத்தின் ஆய்விதழில் பத்துப் பதினொரு பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. அடுத்த வருடம் பொதுமக்களுக்கான ஒரு சிறு புத்தகமும் போட்டார்கள். கட்டுரையின் முக்கியமான எண் 0.62 வீதம். அதாவது, அட்டவணைப்படி ஆடினால் கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 62 சதம் தோற்பீர்கள்.

கவனியுங்கோ, தோற்பீர்கள். வெல்லுவதற்கான அட்டவணை என்று நண்பன் கேள்விப்பட்டது உண்மையில் மெதுவாகத் தோற்பதற்கான அட்டவணை.

ஏன் தோற்கவேண்டும்? டீலருக்கும் எனக்கும் விதி ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விடை ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: நீங்கள்தான் முதலில் ஆடுகிறீர்கள். டீலர் 16 வரை இழுத்துக்கொண்டே போனால் நூறு கையில் ஏறத்தாழ 28 கையில் 21-ஐத் தாண்டுவார். நீங்களும் அவரைப் பார்த்து அப்படியே ஆடினால் நீங்களும் 28 தரம் தாண்டுவீர்கள். இருவரும் தாண்டுகிற கைகளும் இருக்கும்; 28-ல் 28 வீதம், கிட்டத்தட்ட எட்டு. நியாயப்படி அது சமநிலை. ஆனால் நீங்கள் தாண்டினவுடனேயே உங்கள் காசை எடுத்துவிட்டார்கள். டீலர் பிறகு தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன. அந்த எட்டுத்தான் கசினோவின் முழுப் பிழைப்பு. பிளக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பதால் இரண்டு வீதத்துக்குச் சற்று மேல் உங்களுக்குத் திரும்பி வரும். மிச்சம் ஐந்தரை வீதத்துக்குக் கிட்ட. டீலர் மாதிரியே ஆடு என்ற சாத்திரத்தின் விலை அதுதான்.

பயத்தில் ஆடுகிறவருக்கும் ஒரு விலை உண்டு. தாண்டவே கூடாது என்று 12-லேயே நிற்கிறவர் சுமார் நாலு வீதம் தோற்பார். பயமில்லாதவனும் பயந்தவனும் ஏறக்குறைய ஒரே குழிக்குள்தான் விழுகிறார்கள். நாலு சிப்பாய்களும் செய்தது, எந்த இடத்தில் பயப்படவேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது.

அதன் சாரம் டீலரின் திறந்த கடதாசியில் இருக்கிறது. டீலரிடம் 5 அல்லது 6 இருந்தால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அவர் தாண்டிவிடுவார். அப்போது உங்களிடம் 12, 13 என்று கேவலமான கை இருந்தாலும் பேசாமல் நிற்கவேண்டும். அவர் தானே விழட்டும். டீலரிடம் 7-க்கு மேல் இருந்தால் அவர் நல்ல தொகைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். 12-லிருந்து 16 வரை எதுவாக இருந்தாலும் நீங்கள் இழுக்கத்தான் வேண்டும். 11 வந்து டீலரிடம் 6 இருந்தால் காசை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு கடதாசி எடுக்கவேண்டும். ஏஸ் இரண்டும் எட்டு இரண்டும் வந்தால் பிரிக்கவேண்டும். பத்து இரண்டை ஒருபோதும் பிரிக்கக்கூடாது. டீலரிடம் ஏஸ் தெரியும்போது 'காப்புறுதி' எடுக்கிறீர்களா என்று ஒரு பக்கப் பந்தயம் கேட்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. 13 வகைக் கடதாசியில் நாலுக்குத்தான் பத்துப் பெறுமதி. நாலு தரம் இரண்டு இரண்டாக எட்டு வரும், ஒன்பது தரம் ஒவ்வொன்றாக ஒன்பது போகும். அவ்வளவுதான் அந்தக் காப்புறுதி.

இதை வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு பின்னேரம் போதும். செய்வதுதான் பாடு.

அம்மாவிடம் புளியங்கொட்டை 200 எண்ணி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒரு கைக்கு ஒரு கொட்டை. டீலரும் நானே, ஆடுகிறவனும் நானே. அட்டவணையை ஒரு கொப்பியில் கீறி மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கையையும் மனதால் ஆடி, பிறகு திறந்து சரியா பிழையா என்று குறித்தேன். முதல் நூறு கையில் 19 பிழை. பிறகுதான் ஒரு புத்தி வந்தது: முழு விளையாட்டையும் ஆடிக்கொண்டிருந்தால் கஷ்டமான கைகள் எப்போதாவதுதான் வரும். ஆகவே பத்தையும் ஆறையும் எனக்கு நானே வைத்துக்கொண்டு டீலரின் கடதாசியை மட்டும் மாற்றி மாற்றித் திருப்பினேன். பிறகு ஏஸ் உள்ள கைகள் மட்டும். பிறகு சோடிகள் மட்டும். இப்படி நாலைந்து நாள் போக, நூறுக்கு மூன்று பிழை என்று குறைந்தது.

அந்த மூன்றும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான். 12 இருக்கும்போது டீலரிடம் 3. இழுக்கவேண்டும், கை நின்றுவிடும். ஏஸும் 7-ம் சேர்ந்த 18, டீலரிடம் 9, அதற்கும் இழுக்கவேண்டும். 18 நல்ல கை என்று மனது அடம்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பதினாறு. உங்களிடம் 16, டீலரிடம் 10. நின்றாலும் நூறு ரூபாய்க்குச் சராசரியாக 54 ரூபாய் போகும், இழுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான் போகும்; இழுப்பதில் ஒரு மயிரிழை குறைவு. எப்படியும் சாகிற கை. ஆனால் நின்று தோற்றால் டீலர் வென்றுவிட்டார் என்று இருக்கும், இழுத்துத் தாண்டினால் நான் மடைத்தனமாய்த் தோற்றுவிட்டேன் என்று இருக்கும். தோல்வி ஒன்று, வெட்கம் வேறு. வீட்டில், புளியங்கொட்டைக்கு, ஒருவரும் பார்க்காமலே எனக்கு அந்த வெட்கம் வந்தது.

பிறகு கணக்கு. முதல் கிழமை 500 கை ஆடி முடிய என்னிடம் 231 கொட்டை. நான் உண்மையாகவே கெட்டிக்காரன் போல என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கிழமை அதே அட்டவணை, பிழை இன்னும் குறைவு, 200-ல் தொடங்கி 162-ல் முடிந்தது. கெட்டிக்காரத்தனம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. 500 கையில் அட்டவணைப்படி எதிர்பார்க்கவேண்டிய தோல்வி இரண்டு மூன்று கொட்டைதான். ஆனால் அதிர்ஷ்டத்தின் அலை அந்த 500 கைக்குள் 25 கொட்டை மேலேயும் கீழேயும் போவது மிகச் சாதாரணம், சிலவேளை அதற்கும் கூட. மூன்று கொட்டை ஆழமுள்ள தண்ணீரில் 25 கொட்டை உயர அலை. ஒரு இரவில், ஒரு கிழமையில், நீங்கள் நன்றாக ஆடினீர்களா இல்லையா என்பதை உங்கள் பையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கொப்பியில் குறித்த பிழைகளைத்தான் பார்க்கவேண்டும். முதல் இரவில் அரை மாதச் சம்பளம் வென்ற என் நண்பன் பார்த்தது பையை.

இப்போது எட்வேர்ட் தோர்ப். 1958 மாரிகால விடுமுறையில் லாஸ் வேகாஸுக்குப் போக இருந்த இளம் கணித விரிவுரையாளர். சூதாட அல்ல, மனைவி விவியனோடு மலிவாக ஒரு விடுமுறை. போகுமுன் சக ஆசிரியர் ஒருவர் அந்தப் புள்ளிவிபரக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். தோர்ப் அட்டவணையை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, பத்து வெள்ளி டொலர்களோடு மேசையில் அமர்ந்தார். ஒவ்வொரு கைக்கும் துண்டைப் பார்க்கிற இந்த ஆளைக் கண்டு சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. எட்டரை டொலர் தோற்ற பிறகு எழுந்து வந்துவிட்டார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த எழுந்து வந்ததுதான். அட்டவணை பொய் என்று அவர் சொல்லவில்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் பத்து டொலர் மாற்றவும் இல்லை. வீட்டுக்கு வந்து கட்டுரையை ஆழமாக வாசித்தார். நாலு பேரும் ஒவ்வொரு கையையும் முழுக்கட்டிலிருந்து வருவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். உண்மையில் போன கையில் வெளியே வந்த கடதாசிகள் இந்தக் கைக்கு இல்லை. கட்டுக்கு நினைவு இருக்கிறது. முந்நூற்றுநாலு ஆடுகிற எவருக்கும் இது புதிதில்லை. எந்தத் துரும்பு விழுந்தது, எது மிச்சம் என்று எண்ணாதவனோடு கூட்டுச் சேரமாட்டார்கள். பிளக்ஜாக்கில் அதைக் கணக்காக்க எம்.ஐ.ரி.யின் ஐ.பி.எம். 704 கணினி தேவைப்பட்டது. தோர்ப் அதற்காகவே ஃபோர்ட்ரான் படித்தார். நாலு ஐந்துகளும் வெளியே போய்விட்டால் மிச்சக் கட்டு ஆடுகிறவர் பக்கம் மூன்று வீதத்துக்கு மேல் சாய்கிறது என்று கணினி சொன்னது. 1961-ல் கட்டுரை வெளிவர உதவியவர் குளோட் ஷனன், தகவல் கோட்பாட்டின் தந்தை. தலைப்பில் 'வெற்றி' என்ற சொல் வேண்டாம், அடக்கமாக ஒன்று வை என்று சொன்னவரும் அவரே.

அதே வருடம் இரண்டு பணக்காரச் சூதாடிகள் தோர்ப்புக்கு ஒரு இலட்சம் டொலர் வரை தர முன்வந்தார்கள். அவர் பத்தாயிரம் போதும் என்றார். நெவாடாவுக்குப் போனதும் பெரிய காசு கட்டவில்லை. ஒன்றிலிருந்து பத்து டொலர் வரை கட்டி, எண்ணிக்கை கைக்கு வரும்வரை அங்கேயே நின்றார். மனதுக்குப் பதற்றமில்லாத தொகைக்கு மேல் கட்டுவதில்லை என்பது அவருடைய விதி. காசு கொடுத்த கூட்டாளிக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஒரு இரவு நன்றாக வென்று, தோர்ப் களைத்து, போதும் எழும்புவோம் என்றபோது கூட்டாளி எழும்பவில்லை. அவரை மேசையிலிருந்து கிளப்பி எடுப்பதற்குள் வென்றதில் பெரும்பங்கு திரும்பிப் போய்விட்டது. இத்தனைக்கும் அவர் வாழ்நாள் முழுக்கச் சூதாட்டத்தில் இருந்தவர், பக்கத்தில் இருந்தது உலகத்திலேயே அந்த விளையாட்டை நன்றாக அறிந்த மனிதர். கடைசியில் பயணம் பதினோராயிரம் டொலர் இலாபத்தில் முடிந்தது. 1962-ல் தோர்ப் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. ஆயிரக்கணக்கான சனம் அட்டவணையும் கையுமாக நெவாடாவுக்குப் போனது.

கசினோக்காரர் பயந்துபோனார்கள். 1964 ஏப்ரல் 1-ல் லாஸ் வேகாஸில் விதிகளை மாற்றினார்கள்: ஏஸ் பிரிக்கக்கூடாது, 11-க்கு மட்டும்தான் இரட்டிப்பாக்கலாம். சில கிழமைகளுக்குள் பழைய விதிகள் திரும்பி வந்தன, ஏனென்றால் மேசைகள் வெறிச்சோடிவிட்டன. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது, பயப்படத் தேவையே இருக்கவில்லை என்று. புத்தகம் வாங்கினவர்களில் கனபேர் அதைப் பாதிதான் படித்திருந்தார்கள். படித்தவர்களில் கனபேருக்கு இரண்டு தோல்விக்குப் பிறகு அட்டவணை மறந்துவிட்டது. வெல்லக்கூடிய விளையாட்டு என்ற செய்தி போதுமாக இருந்தது. கூட்டம் கூடிக்கொண்டே போனது. உண்மையில் எண்ணத் தெரிந்த சிலரைக் கதவால் அனுப்பிவிட்டார்கள், மற்ற எல்லாரையும் வரவேற்றார்கள். 2000-களின் தொடக்கத்தில் இன்னும் சத்தமில்லாத ஒரு வேலை நடந்தது. பிளக்ஜாக்குக்கு மூன்றுக்கு இரண்டு என்றிருந்த கொடுப்பனவு பல மேசைகளில் ஆறுக்கு ஐந்து ஆனது. எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, இல்லையா? நூறு ரூபாய்க்கு 150 வந்த இடத்தில் 120 வருகிறது. ஏறத்தாழ 21 கைக்கு ஒரு பிளக்ஜாக் என்பதால் அது ஒன்றே கசினோ பக்கத்துக்கு 1.4 வீதம் கூட்டிவிடும். நாலு சிப்பாய்களின் ஒன்றரை வருட உழைப்பு மேசை விரிப்பில் அச்சடித்த ஒரு வரியில் போய்விடும்.

அந்த நாலு பேரிலும் சூதாட்டக் காசால் பெயர் எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. மைசல் ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பிளக்ஜாக் உலகம் அவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தது 2008-ல், கட்டுரை வந்து ஐம்பது வருடத்துக்குப் பிறகு.

நண்பனுக்கு நான் போன் எடுக்கும்போது ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இன்னும் விளையாடுகிறாயா என்று கேட்கவில்லை. ஒரு கைக்கு எவ்வளவு கட்டுவாய் என்று மட்டும் கேட்டேன். ஐந்நூறு என்றான். ஒரு இரவில் எவ்வளவு நேரம்? இரண்டு மணித்தியாலம். போனில் டீலர் கடதாசி குலைக்கும் நேரம் இல்லை, பக்கத்து ஆளுக்காகக் காத்திருப்பது இல்லை. கசினோ மேசையில் மணித்தியாலத்துக்கு அறுபது எழுபது கை போகும் என்றால் விரல் வேகத்தில் முந்நூறு போகலாம். ஒவ்வொரு கைக்கும் புதுக்கட்டு என்றால் தோர்ப்பின் எண்ணிக்கையால் பிரயோசனம் இல்லை. இயந்திரம் நேர்மையாகக் குலைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், மனம்போனபடி ஆடுகிறவனுக்கு மூன்று வீதம். கொப்பியில் பெருக்கினேன்.

"மணித்தியாலத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு. நீ ஆடின இரண்டு கிழமைக்கு 28 மணித்தியாலம். ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரம் அளவில போயிருக்கும். கூடக்குறைய இருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உனக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை, பெருக்கிப் பார்த்தது என்றேன்.

"அப்ப அந்தச் சார்ட்டைப் பாத்து ஆடியிருந்தா?"

"இருபத்தாறாயிரம் அளவில தோத்திருப்பாய்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து, கொப்பியை முன்னால் விரித்து வைத்தேன். முதல் அரை மணித்தியாலம் ஒழுங்காகப் பார்த்துப் பார்த்து ஆடினான். பத்தும் ஆறும் வந்தது, டீலருக்கு ராணி. அட்டவணை இழு என்றது. அவன் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலம் போக வேண்டிய இடத்தில் ஒரு மணித்தியாலத்திலேயே கடதாசியை மூடி வைத்தான்.

"காசில்லாட்டி இதில என்ன மச்சான் இருக்கு" என்றான்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். கொட்டைகளை எண்ணிப் போத்தலில் போட்டேன். ஒன்று குறைந்தது, மேசைக்குக் கீழே கிடந்தது.